நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

யாரோ கொடுத்த பழைய கணினிகளில் நாங்கள் பாஸ்கல் என்ற கணினி மொழி படித்த காலம் அது. யுத்தம் முடிந்து மூன்று வருடம் இருக்கும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நான் அதில் ஒரு செய்நிரல், அதாவது புரோகிராம், எழுதியிருந்தேன். என்ன கேட்டாலும் ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று பதில் சொல்லும். சீட்டுக் குலுக்கி எடுப்பது போலத்தான். எங்கள் ஊர் தில்லையடியே அதன் முன்னால் வரிசையில் நிற்பதாக எனக்குப் பெருமை. நின்றவர்கள் பத்துப் பேர்.

ஆனால் குலுக்கச் சொல்லும் ஒரு வரியை எழுத மறந்திருந்தேன். அதனால் செய்நிரலை மூடித் திறந்தால் பதில்கள் பழையபடி அதே ஒழுங்கில் வரும். முதல் பதில் எப்போதும் ‘நோ’. இது முந்தின நாளே தெரிந்தும் நான் திருத்தவில்லை. சோம்பல்தான்.

வரிசையில் உம்மாவின் தங்கை, என் சாச்சி, வந்து நின்றார். சவூதிக்கு வேலைக்குப் போன அவர் கணவர், சாச்சாவிடமிருந்து போன் கோல் வந்து ஒரு வருடத்துக்கு மேல். உப்பளத்தில் வேலை செய்யும்போதும் சாச்சி போனை இடுப்பில்தான் செருகியிருப்பார். முந்தின நாள் அதில் பாம்பு கேம் விளையாடக் கேட்டதற்கு என் கையில் ஓர் அடி வைத்திருந்தார். குறி கேட்பது ஹராம் என்று ஊரையே ஏசுகிறவர் அவர். கணினி குறிகாரன் இல்லையே.

“உங்கட சாச்சா வருவாரா எண்டு கேளு மகள். சும்மா விளையாட்டுக்குத்தான்.”

எனக்கு அந்த அடி ஞாபகம் வந்தது. செய்நிரலை மூடித் திறந்துவிட்டுத் தட்டினேன். நோ. பிள்ளைகள் சிரித்தார்கள். சாச்சியும் சிரித்தார்.

“இன்னொருக்கா கேளு.”

மறுபடி மூடித் திறந்தேன். நோ. மூன்றாவது தரம் கேட்கச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூடித் திறந்தேன். இதை எழுதும்போதும் வெட்கத்தில் காது சுடுகிறது.

“மூணு தரமும் ஒண்டத்தானே சொல்லுது,” என்றார் சாச்சி. “மெசின் ஏன் எனக்குப் பொய் சொல்லப்போவுது?”

அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்று பின்னேரம் சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கேட்காமலே இடுப்பிலிருந்த போனை எடுத்து என் கையில் வைத்தார்.

“ஆசை தீர விளையாடு மகள்.”

என் கோபமெல்லாம் பறந்துபோனது. பாம்பை நீளமாக வளர்த்தேன். பற்றரி முடிந்து திரை இருண்ட பிறகும் சாச்சி போனைத் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கு என் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.