கமாண்டர் ஐந்தாம் முறையாக விடைபெறுகிறார்

என் அக்கா புருஷனுக்கு எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வேலை. செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்ற வேண்டும். நடுவில் எண்ணிக்கை தப்பினால் எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அத்தானுக்குக் கையில் வேலை இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் போன் 'டிங்' என்றால் போதும், நூற்றுப் பத்தாவது சுற்றிலும் கம்பியை விட்டுவிடுவார். போனில் ஆடும் சண்டை விளையாட்டில் அவர் கமாண்டர். கீழே நாற்பது பேர். கேஸ் சிலிண்டர் மாற்ற நாலு தடவை கூப்பிட வேண்டிய மனுஷனுக்கு ஒரு படை!

அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவள். பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

"அந்த கேமை விட்டுட்டு வந்தீங்கன்னா சேர்ந்து போகலாம். இல்லன்னா நான் தனியாத்தான் போவேன். அப்புறம் என்னைத் தேடாதீங்க" என்றாள்.

"இவ்ளோதானே? இன்னிக்கே விட்டுடறேன்."

விடுவதென்றால் என்ன செய்ய வேண்டும்? போனிலிருந்து அழிக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த நாற்பது பேர் இருக்கிற போன் குழுவில் ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். கனத்த இதயமாம், கடமை அழைக்கிறதாம். கடைசி வரியில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வோமே, அதே மாதிரி "வரேன்" என்று முடித்திருந்தார்.

அந்தக் குழுவில் பொய்ப்பெயரில் நானும் இருந்தேன், அக்காவுக்காக வேவு பார்க்க. அழுகைப் பொம்மைகள் குவிந்தன. சந்தேகம் வரக்கூடாதே என்று நானும் ஒன்று போட்டுத் தொலைத்தேன். எவனோ ஒரு குசும்பன், "வரேன்னு சொல்லியிருக்கீங்க கமாண்டர், எப்ப வரீங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான், மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், "சொன்ன சொல் தவற மாட்டேன்" என்று திரும்பி வந்துவிட்டார்.

இப்படி நாலு தடவை. நாலாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

"விடறதுன்னா சத்தமில்லாம விடுங்களேன் அத்தான். எதுக்கு ஊரைக் கூட்டறீங்க?"

"சொல்லாம போனா மரியாதையா இருக்குமாடா?"

மரியாதையாம், மண்ணாங்கட்டி! நிஜமாகக் கிளம்புகிறவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். இந்த அறிவிப்புக் கோஷ்டி வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, யார் வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று பார்த்து நிற்கும். இவர் ஒரு வாரம் கடைக்குப் போகாவிட்டால் முதலாளி மோட்டாரைத்தான் விசாரிப்பார். குழுவிலோ நாற்பது பேர் அழுகிறார்கள். சாகாமலே தன் இழவு வீட்டில் உட்கார்ந்து, யார் யார் அழுகிறார்கள் என்று பார்க்கிற சுகம் அது. கம்பிச் சுற்றில் தவறுகிறவர் அழுகைப் பொம்மையை எண்ணுவதில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. தூ!

கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு பஸ். அக்கா இரண்டு பெட்டி கட்டியிருந்தாள், ஒன்றில் முழுக்க அவருடைய சட்டைகள். ஒன்பதரைக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து ஐந்தாவது கடிதத்தை அனுப்பிவிட்டு, வந்த பதில்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை நிஜம்மா. நாலு பேருக்குப் பதில் போட்டுட்டு வந்துடறேன், ரெண்டே நிமிஷம்."

ஒன்பதே முக்கால் ஆயிற்று. அக்கா பெட்டியைத் திறந்து அவர் சட்டைகளை எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"போறேன்" என்றாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "ம், போயிட்டு வா."

எங்கள் வீட்டில் யாரும் வாசலில் "போறேன்" என்று சொன்னதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் "வரேன்"தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வரும்போது போன் 'டிங்' என்றது. "குடும்பச் சூழ்நிலை மாறிவிட்டது. இனி முழு நேரமும் உங்களோடுதான். வந்துட்டேன்!" என்று கமாண்டர் எழுதியிருந்தார். கீழே முப்பத்தொன்பது இதயங்கள். நாற்பதாவது ஆள் நான். ஒரு வார்த்தை எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"டேய், உங்கக்கா எப்ப வரேன்னு சொன்னா?"

"அவ வரேன்னே சொல்லலையே அத்தான்" என்றேன்.