ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தலைமை சிஸ்டர் சொன்னது இது: "வலியில கத்துனா ஊசி போடு. சும்மா சும்மா போட்டா பழக்கமாயிடும்." புற்றுநோய் வார்டிலும் அதுதான் சட்டம். 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பார்கள். பதினைந்து வருடம் அப்படியே ஓட்டினேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு தஞ்சாவூரில் நான் இருந்த சிறிய மருத்துவமனைக்குப் புது டாக்டர் ஒருவர் வந்தார். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி பார்த்து மார்ஃபின் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மார்க் எழுத வீட்டுக்கு ஒரு நோட்டும் கொடுத்தோம்.

திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி கலியமூர்த்திக்கு வயிற்றில் புற்றுநோய். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். அவர் நோட்டில் ஆறு நாளும் இரண்டு, மூன்று. ஞாயிறு மட்டும் ஒன்பது. அடுத்த வாரமும் அதேதான். நோய்க்குக் கிழமை தெரியுமா? எனக்கு மண்டை குடைந்தது.

"ஞாயித்துக்கிழமை கறி சாப்பிடுறீங்களா?"

"கஞ்சியே எறங்கல சிஸ்டர், கறிக்கு எங்க போறது?"

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு காலை பஸ் ஏறிவிட்டேன். மாத்திரை அட்டையை எண்ணினால் மூன்று வேளை மாத்திரை போடாமல் மிச்சம். அவர் மனைவி ராஜாத்தி மெதுவாகச் சொன்னார்: "பதினோரு மணிக்கு மஸ்கட்லேந்து பையன் போன் பண்ணுவான். மாத்திரை போட்டா தூங்கிடுறாரு. அதான் போடாம இருக்காரு."

போன் வந்தது. கலியமூர்த்தி வியர்த்துக் கொட்டியபடி ரிசீவரைப் பிடித்தார். "நல்லா இருக்கேன்பா. அம்மாகிட்ட பேசு." அவ்வளவுதான்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "இந்த ரெண்டு வார்த்தைக்கா இவ்வளவு வலிய தாங்குறீங்க?"

"தூங்கிட்டா அதுவும் இல்லையே சிஸ்டர்."

டாக்டரிடம் சொன்னேன். அவர் மாத்திரை அளவைக் கொஞ்சம் திருத்தினார். இடையில் விடாமல் சாப்பிட்டால் சில நாளில் தூக்கக் கலக்கம் குறையும் என்றார். மாத்திரை கொடுக்க ஆரம்பித்த அன்றே இதை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

அதை இருவருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறும் போனேன். கலியமூர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்ததையும் நாற்று விட்டதையும் மகனிடம் சாவகாசமாகச் சொன்னார். கடைசியில் சொன்னார்:

"டேய், எனக்கு ரொம்ப முடியலடா. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ."

ராஜாத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அன்று நோட்டில் மார்க் இரண்டு. ஒன்பதில் இருந்தபோதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்றவர் அவர்.

பத்தாம் நாள் மகன் வந்து சேர்ந்தான். புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: வலி எவ்வளவு என்று கேளுங்கள், அதை எதற்காகத் தாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள்.