கேஸ் வாடை

ஹொரிகாவா சுமியே வெளியே கிளம்பும்போது சமையலறைச் சுவரில் இருக்கும் கேஸ் குழாயின் திருகை மூடுவாள். பிறகு ஆள்காட்டி விரலை அதை நோக்கி நீட்டி, "மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வாள். ரயிலில் கண்டக்டராக இருந்த கணவர் காட்சுஜியிடமிருந்து தொற்றிய பழக்கம். கதவையும் சிக்னலையும் பார்த்து விரல் நீட்டிச் சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற மறுநாளே அவர் விட்டுவிட்டார். அவள் விடவில்லை. பாதித் தெரு போனபின் திரும்பி வந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எதிர்வீட்டுச் சமையலறை ஒருநாள் காலையில் கேஸ் வெடித்துத் தெருவுக்கு வந்துவிட்டது. சுவர், பாத்திரம், கதவு எல்லாம். முதல்நாள் அந்த வீட்டுக்காரி சுமியேயின் அம்மாவிடம், வெங்காயம் எங்கேயோ அழுகிக் கிடக்கிறது, மூட்டையைக் கொட்டித் தேட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். தேடினாளா என்று யாருக்கும் தெரியாது.

இப்போதைய குடியிருப்பில் போன நவம்பர் வரை சுமியே பலமுறை கேஸ் கம்பெனிக்குப் போன் செய்திருந்தாள். ஒருமுறைகூட கசிவு இருந்ததில்லை. அப்படிக் கடைசியாகப் போன் செய்தது அந்த நவம்பரில். அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. விளக்கு சுவிட்சைத் தொடவில்லை. உள்ளே இருந்த காட்சுஜியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லோரையும் வெளியேற்றினாள். மழை பெய்துகொண்டிருந்தது. மேல்மாடி யாகுச்சி, ஜுரத்தில் கிடந்த கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

கேஸ் கம்பெனி ஆள் கருவியோடு உள்ளே போனான். ஒரு கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தான்.

"அம்மா, இது கேஸ் இல்ல. உங்க வீட்டுச் சாப்பாடு."

கிண்ணத்தில் சுடுசோறு, மேலே பச்சை முட்டை, அதன் மேல் கறுப்பாக ஏதோ. காட்சுஜியின் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போனபோது, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லிப் பரிசுப் பொருள்களின் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அவர் ட்ரஃபிள் சோயா சாஸ் தேர்ந்தெடுத்திருந்தார். மண்ணுக்கடியில் விளையும், கேஸ் போலவே வாடை அடிக்கும் விலை உயர்ந்த காளானின் மணம் ஏற்றிய சோயா. பெட்டி நிறைய சின்னச் சின்னப் புட்டிகள். அன்று மத்தியானம்தான் தபாலில் வந்தது. மனைவி வருமுன் ருசி பார்த்துவிடலாம் என்று திறந்திருக்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் தொகாஷி மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் கம்பெனிக்குப் போன் பண்ணும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று பொருள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அந்தக் கட்டடத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாது, வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று காட்சுஜி அன்று அவளிடம் சொன்னார்.

தொந்தரவு கொடுத்தவர்கள் வீடு வீடாகப் போய் ஏதாவது கொடுத்துத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வழக்கமாக இனிப்புப் பொட்டலம். காட்சுஜிக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தச் சோயாப் புட்டிகளையே கொடுத்தால் என்ன? விஷயமும் விளங்கும், கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்கள். சுமியேயும் சரி என்றாள். ஒவ்வொரு வாசலிலும் இடுப்பு வளைய நின்று, "இதுதாங்க அன்னிக்கு உங்களை மழைல நிக்க வச்சது" என்று காட்சுஜி சொல்வார். அவள் பின்னால் நின்று இன்னும் கீழே குனிவாள்.

குடியிருப்பில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. முட்டைச் சோற்றில் விட்டார்கள். அடுப்பை அணைத்தபின் காளான் வதக்கலில் சொட்டினார்கள். யாகுச்சி வெண்ணெய் போட்ட உதோன் நூடுல்ஸில் கலந்து புருஷனுக்குக் கொடுத்தாள். தொகாஷி வீட்டில் குளிர்ந்த டோஃபுவின் மேல். கீழ்மாடியில் தனியாக இருந்த கிழவர் மாருயாமா எதில் வேண்டுமானாலும் ஊற்றிச் சாப்பிட்டார், காலி ஆனதும் தானே போய் வாங்கி வந்தார். சுமியேயும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். ருசியாகத்தான் இருந்தது. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் அதே வாடை வரும். இனி நிஜமாகவே கசிந்தாலும் யாரும் எழுந்து வர மாட்டார்கள். அவர்கள் மூக்கை அவளே வீடு வீடாகப் போய்ப் பழக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

பிப்ரவரியில் அது வந்தது. ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடியிருந்த குளிர். காட்சுஜி பழைய ரயில்வே ஆட்களோடு சீட்டாடப் போயிருந்தார். வெங்காயத்தாளும் மீனும் வாங்கிக்கொண்டு வந்தவள் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டாள். வாடை.

தன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். திருகு மூடியிருந்தது. சோயாப் புட்டி குளிர்பெட்டியில் மூடியோடு இருந்தது. வீட்டுக்குள் வாடை குறைவு. மறுபடி படிக்கு வந்தாள். போன் செய்தால், அது சோயாவாக இருந்தால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால், அது சோயாவாக இல்லாவிட்டால்.

தொகாஷி கேட்கச் சொன்னபடி கேட்கலாம் என்று மேலே ஏறினாள். அழைப்புமணியில் தீப்பொறி வரும் என்று அவளுக்குப் பயம். விரல் முட்டியால் தட்டினாள். யாகுச்சி இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். இன்றைக்கு நாங்கள் அதைத் தொடவே இல்லை, கீழே யாராவது சமைப்பார்கள் என்றாள்.

தொகாஷி வீட்டில் அவர் இல்லை. அவர் மனைவி வாசலுக்கு வந்து மூச்சை நன்றாக இழுத்தாள்.

"நல்லா வருதே வாசம். யார் வீட்லயோ விருந்துபோல. முன்னெல்லாம் இப்படி வந்தா நாங்களும் பயந்திருப்போம் ஹொரிகாவா சான். உங்க புண்ணியத்துல பயம் போச்சு."

"உங்க வீட்ல இல்லயா?"

"இல்லயே. மாருயாமா சானா இருக்கும். அவர்தான் குடிக்கிறாரே அதை."

சுமியே கீழே இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் வாடை கனத்தது. மாருயாமாவின் கதவைத் தட்டினாள். உள்ளே டி.வி. ஓடும் சத்தம். குரல் கொடுத்தாள். பதில் இல்லை. அவருக்குக் காது மந்தம்.

கதவுக்குப் பக்கத்தில், எல்லா வீட்டுக்கும் இருப்பதுபோல, கேஸ் மீட்டரின் இரும்புப் பெட்டி. திறந்தாள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அவர் சமைக்கிறார். அல்லது சமைக்கவில்லை. கிழவரின் இரவுச் சாப்பாட்டை அணைக்க அவளுக்கு என்ன உரிமை? உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்தால் தீ அணையும், மாருயாமா திட்டிக்கொண்டு வெளியே வருவார், விஷயம் தொகாஷிக்குப் போகும். அவர் வந்து திட்ட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். மீட்டருக்கு அடியில் இருந்த திருகைப் பிடித்துத் திருப்பினாள். கெட்டியாக இருந்தது. இரண்டு கையாலும் திருப்பினாள். மீட்டர் நின்றது.

யாரும் வரவில்லை. டி.வி.யில் யாரோ சிரித்தார்கள்.

அவள் தெருவுக்கு ஓடினாள். அங்கிருந்து போன் செய்தாள். எதிர்முனையில் பெயர் கேட்டபோது, அந்தப் பெயருக்கு அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

கம்பெனி ஆட்கள் கதவைத் திறந்தபோது மாருயாமா மேஜைக்கடியில் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தது. வாடையை அவரும் கவனித்திருந்தார். வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தபோது அதைச் சொன்னார்.

"மாடியில யாரோ அந்தச் சோயாவைப் போட்டுச் சமைக்கிறாங்கன்னு நெனச்சேன். நானும் சாப்பிடலாம்னுதான் இருந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு சிகரெட் பிடிக்கலாம்னு பாத்தா, லைட்டரக் காணோம்."

அவர் கையில் பற்றவைக்காத சிகரெட் இருந்தது. சுமியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் தொகாஷி வந்து வாசலில் நெடுநேரம் குனிந்து நின்றார். சங்கம் கூடியது. கொடுத்த பொருளைத் தூக்கிப் போடுங்கள் என்று யாராலும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கேஸ் கசிவுக் கருவி எல்லா வீட்டிலும் மாட்டுவது என்றும், அதுவரை வாடையில் சந்தேகம் வந்தால் ஹொரிகாவா சானைக் கூப்பிட்டுக் காட்டுவது என்றும் முடிவானது. கருவி ஏப்ரலில் வரும் என்றார்கள்.

அன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். சட்டியின் மேல் குனிந்து, பிறகு அடுப்புக்குக் கீழே குனிந்து, "சோயாதான்" என்பாள். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அவள் வீட்டுக்கு வந்து, சரியாகத்தான் சொன்னோமா என்று படுத்துக் கிடப்பாள். உனக்குத்தான் இப்போது எவ்வளவு மரியாதை என்றார் காட்சுஜி. முன்பு பயந்தது தன் வீட்டுக்கு மட்டும் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை.

மார்ச்சில் மலைகளிலிருந்து ஸுகி மரங்களின் மகரந்தம் காற்றில் வந்தது. ஊரே முகமூடி போட்டுக்கொண்டு தும்மியது. சுமியேயின் மூக்கு முழுவதும் அடைத்துக்கொண்டது. மீன், சோப்பு, டீ, எதுவும் இல்லை. காட்சுஜியின் புட்டியைத் திறந்து மூக்கோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

யாகுச்சி கூப்பிட்டாள். குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. மத்தியானம்தான் உதோனில் அதைக் கலந்தாளாம், இன்னும் வாசம் போகவில்லை, அதுதானா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

சுமியே குனிந்தாள். மூச்சை இழுத்தாள்.

"எனக்குத் தெரியல."

"என்ன ஹொரிகாவா சான் நீங்க."

"நிஜமா. மூக்கு அடைச்சுக்கிச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல. ஜன்னலைத் தொறங்க, அடுப்பத் தொடாதீங்க."

யாகுச்சி சிரித்தாள். அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ. உங்களுக்கே தெரியாத அளவுக்குத்தான் வாசம் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்றாள். நன்றி சொன்னாள். குழந்தைக்குக் குளிர் அடிக்கும் என்று கதவைச் சாத்தினாள்.

சுமியே வெளியே திரும்பி மீட்டர்ப் பெட்டியைத் திறந்தாள். திருகில் கை வைப்பதற்குள் உள்ளே அடுப்பைப் பற்றவைக்கும் கிளிக் சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. கீழ்மாடியிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.