பரீனா நிரப்பிய படிவம்

ஆலங்குடா அகதி முகாமில் பரீனா அளவுக்கு வன்மம் வைத்திருந்தவர் யாருமில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு எங்களோடு வந்தவள் அவள். தொண்ணூற்று நான்கில் அவளுக்கு மூத்தவள், ராத்தா கமறியா, பிள்ளைப்பேற்றுக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளை பிறந்தது, இரத்தம் நிற்கவில்லை. பட்டப்பகல் இரண்டு மணி. கடமையில் இருக்கவேண்டிய பெரிய டொக்டர் தன் சொந்தக் கிளினிக்கில் இருந்தார். தாதி மூன்று தரம் போன் எடுத்தாள். அவர் அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து சேர்ந்தபோது கமறியாவின் முகத்தை மூடியிருந்தார்கள். பரீனா முறைப்பாடு எழுதினாள். யாரும் பதில் போடவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். டொக்டர்மாரில் ஒருவர் கண்ணையும் இன்னொருவர் பிள்ளைப்பேற்றையும் ஏன் தெரிந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்கிறாராம். கேள்வி கேட்டு எழுத, தமிழும் சிங்களமும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. பரீனா முந்திக்கொண்டாள். சம்பளத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எந்தெந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டாள்.

பதினொரு டொக்டர்மாரிடம் ஒழுங்காகத்தான் கேட்டாள். வாப்பாவுக்குப் பார்வை போனதால் கண் படித்தேன் என்றார் ஒருவர். தோல் வருத்தத்தில் யாரும் அவசரமாகச் சாவதில்லை, அதுதான் என்றார் இன்னொருவர். பன்னிரண்டாவது ஆள் அந்தப் பெரிய டொக்டர்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சொல்வதை எவருக்கும் காட்டமாட்டோம் என்ற உறுதிமொழியை அவள் வாசித்தாள். மனுசன் தாராளமாகப் பேசினார்.

"பிள்ளைப்பேறு எந்தக் காலமும் இருக்கும், மகள். காலையில வார்ட், பகலைக்குக் கிளினிக். வார்ட்டில ஏதும் நடந்தா நேர்ஸ்மார் சமாளிப்பாங்க. இதவிட வசதியான துறை வேற என்ன இருக்கு?"

பரீனா சொல்லுக்குச் சொல் எழுதினாள். பிறகு படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, ரத்தம் போய் மவுத்தான கமறியாவ ஞாபகம் இருக்கா டொக்டர்? மூணு தரம் போன் எடுத்தாங்களே?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். நடிப்பில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"எந்தக் கமறியா?"

அவர் முகம் வெளிறும், கெஞ்சுவார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரிசையில் நின்று படிவத்தை உரக்க வாசித்தாள். வயிற்றுப்பிள்ளையோடு நின்றவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"காட்டமாட்டன் எண்டு சத்தியம் செஞ்சியே?" என்றேன்.

"ஓம், செஞ்சன். ராத்தாவுக்கு ஆர் சத்தியம் செஞ்ச?"

குறிஞ்சிப்பிட்டி முகாமிலும் போய் வாசித்தாள். படிவத்தைத் திருப்பிக் கொடுக்காததால் பேராசிரியை வேலையிலிருந்து நிறுத்தினார். பரீனா கவலைப்படவில்லை. எங்கள் பெண்கள் நிறைவயிற்றோடு தூரத்துச் சிலாபம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்களே தவிர அந்த டொக்டருடைய கிளினிக் வாசலை மிதிக்கவில்லை. ஆறு மாதத்தில் அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார்.

முகாமே சந்தோஷப்பட்டது. பரீனா மட்டும் எந்த ஊருக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். தெற்கே ஒரு சிங்கள ஊர் என்றார்கள்.

அன்றே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தைச் சிங்களத்தில் எழுதத் தொடங்கினாள்.