மூன்றாவது லைன்

அப்பா மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். ஊரில் அவருக்குப் பெயரே மைக்செட்டுதான். கல்யாணம், கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம் என எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கம்பத்தில் ஏறும். வீட்டில் மட்டும் மெதுவாகப் பேசுவார். சத்தம் தொழில், அதை வீட்டுக்குத் தூக்கி வரக் கூடாது என்பார். அந்தச் சத்தத்தில்தான் என்னை மின்னணுவியல் படிக்க வைத்தார். மருத்துவமனைக் கருவிகளைச் சோதித்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது இப்போது என் வேலை. போன மாதம் அவர் இறந்துபோனார். நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

வருடத்தில் ஒரு நாள் எங்கள் பெரிய தெரு வழியாக ராணுவ அணிவகுப்பு போகும். தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர், அல்லது இப்போதும் இருப்பவர். அன்றைக்கு மாடிக்கு மாடி கொடி பறக்கும். அப்பாவுக்கும் அணிவகுப்பு பிடிக்கும். தேசிய கீதம் வரும்போது கையில் கட்டிங் பிளேயரோடு விறைப்பாக நிற்பார்.

தெருக்கோடியில் ஒரு சந்து பிரிகிறது. அங்கே இருப்பவர்கள் வேறொரு நாட்டுச் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். தையல், சலவை, சின்னச் சின்னக் கடைகள் என்று வாழ்கிறார்கள். அணிவகுப்பு நாளில் அவர்கள் கதவைத் திறப்பதில்லை. இங்கே சோறு தின்கிறவர்களுக்கு இங்கத்திய கொடிக்கு எழுந்து நிற்க வலிக்கிறதோ என்று பெரிய தெருவில் பேசிக்கொள்வார்கள். எந்தப் பட்டாளமானால் என்ன, பூட்ஸ் சத்தம் ஒன்றுதான் என்று சந்தில் பேசிக்கொள்வார்கள்.

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு நான்கு ஒயர் லைன்கள் புறப்படும். மூன்றாவது, சந்துக்கு. மற்றவை பெரிய தெருவுக்கு. எனக்கு நினைவு தெரிந்து அந்த மூன்றாவது லைன் வேலை செய்ததே இல்லை. விழாக் குழுத் தலைவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் பட்டாளத்தார், எனக்கு மாமா. அந்த லைனுக்காக வருடா வருடம் மைக்கிலேயே அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்குவார். ஊர் சிரிக்கும். அப்பா தலையைச் சொறிந்தபடி ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

துக்கம் கேட்க வந்த செல்போன் கடை வைத்திருக்கும் விழாக் குழுச் செயலாளரும் அதையேதான் சொன்னார்.

"மனுஷன் தங்கம். என்ன, அந்த மூணாவது லைனைத்தான் கடைசி வரைக்கும் சரிபண்ணத் தெரியல."

மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் தைத்தது. ஒரு ஆயுள் வேலை செய்தவருக்கு மிஞ்சியது இந்தப் பெயரா? இந்த வருடம் நானே மைக்செட் போடுகிறேன் என்றேன். அந்த லைனைப் பேச வைத்து, அப்பாவின் பெயரை மீட்டுவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். லைன் எங்கோ அறுந்திருந்தது. கம்பம் கம்பமாக ஏணி போட்டுப் போனேன். சந்து முனைக் கம்பத்தில் இருந்த பெட்டியைத் திறந்தேன். இரண்டு ஒயர்களும் நேராக வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி, மடக்கி, நூலால் கட்டியிருந்தது. டேப் புதிது, வருடா வருடம் மாற்றியிருக்க வேண்டும். பழுது இப்படி இருக்காது. பழுது அசிங்கமாக இருக்கும். இது அப்பாவின் கை வேலை.

"ஒட்டிடப் போறியாம்மா?"

கீழே பொத்தான் கடை அக்கா நின்றிருந்தார். சந்தில் பொத்தானும் நூலும் விற்பவர். நான் இறங்கினேன்.

அவர்கள் ஊரில் ராணுவம் வந்தால் முதலில் குழாய் ஸ்பீக்கரில்தான் உத்தரவு வருமாம். வெளியே வராத வீட்டைக் கொளுத்திவிடுவார்களாம். இங்கே வந்த முதல் வருடம், அணிவகுப்பன்று, சந்தின் ஸ்பீக்கரில் பட்டாளத்தார் குரல் கேட்டது. வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் வெளியே வந்து மரியாதை செலுத்த வேண்டும் என்றது. சந்து முழுக்க வெளியே வந்தது. பிள்ளைகள் உட்பட, தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரம் வரிசையாக நின்றார்கள். ஸ்பீக்கரின் சத்தத்தைச் சரிபார்க்க வந்த அப்பா அதைப் பார்த்திருக்கிறார்.

"ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சு மெதுவா இறக்கி விட்டாரு. என் கையையும். அப்புறம்தான் கம்பத்துல ஏறினாரு" என்றார் அக்கா. "அதுக்கப்புறம் எங்களுக்கு அந்த நாள் சும்மா ஒரு நாள்தான்மா. உள்ள உக்காந்து பொத்தான் தைப்போம்."

நேராகப் பட்டாளத்தார் வீட்டுக்குப் போனேன். மெடல்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த மல்டிமீட்டரைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டியாக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"வெளிய வாங்கன்னு கூப்பிட்டது என் குரல்தானே பாப்பா."

அன்று சாயங்காலமே அப்பா அவரிடம் போய், ஒயரை வெட்டிவிட்டேன், குழுவில் சொல்வதானால் சொல்லுங்கள் என்றாராம். சந்துக்காக வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தால் ஊர் சண்டைக்கு வரும். மைக்செட்காரன் மட்டம் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடும். ஆக, இவர் திட்டுவது, அவர் வாங்கிக்கொள்வது. வேறு ஆளைப் போடலாம் என்று குழுவில் பேச்சு வந்த போதெல்லாம், மைக்செட்டு மலிவு என்று இவர்தான் மல்லுக்கட்டி வைத்திருந்திருக்கிறார்.

"அப்பாவுக்குக் கெட்ட பேராயிடுச்சே மாமா."

"ஆச்சு. கேட்டு வாங்கினான்." துடைத்த மெடலையே மறுபடி துடைத்தார். "இப்ப அந்தப் பேரு உன்னுது. ஒட்டணும்னா ஒட்டிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை பழையபடி ஏணியைச் சாத்தினேன். அப்பா சுற்றிய டேப்பைப் பிரித்து, புது டேப் சுற்றி, மடக்கி, நூலால் கட்டினேன். அப்பா அளவுக்கு நேர்த்தியாக வரவில்லை. பெட்டியை மூடினேன்.

அணிவகுப்பன்று பெரிய தெருவில் நிற்க இடமில்லை. இஞ்சினியருக்கும் வசப்படவில்லையா என்று செயலாளர் கேட்டுவிட்டுப் போனார். பட்டாளத்தார் மைக்கைப் பிடித்தார்.

"மூணாவது லைன் இந்த வருஷமும் ஊமை. அப்பன் தொழிலை அப்படியே கத்துக்கிட்டு வந்திருக்கு பொண்ணு."

'அப்பன்' என்ற இடத்தில் ஆம்ப்ளிஃபயரில் குரலின் அளவைக் காட்டும் முள் ஒரு கணம் கீழே சரிந்து, மறுபடி ஏறியது. என்னைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. அத்தனை வருடமும் என் அப்பாவைத் திட்டிக் காப்பாற்றிய அந்தக் குரலை அப்போதே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். கும்பிட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஊர் சிரித்தது. நான் தலையைச் சொறிந்தபடி ஒயரைச் சுற்றினேன். சந்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.