பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்

மதினியின் கையிலிருந்த எவர்சில்வர் செம்பைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவருக்கும் அவரோடு வந்த அம்மாவுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் வீட்டு வாசலில் நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே அவள் கண் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை வந்து போனது. நான் ஜன்னலை விட்டு விலகிக்கொண்டேன். நாலாம் நாள் தரகர் வந்து, "அவக வேணாம்னுட்டாக, ஆத்தா" என்றார். காரணம் சொல்லவில்லை. என் மகளைப் பெண் கேட்டு வந்த முதல் இடம் அது.

போடியில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒட்டுச்சுவர். சொந்தம் கிடையாது; பக்கத்து வீடு என்பதால் நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை அப்படியே கூப்பிடுவாள். ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கினோம். நான் அதிகம் பேசமாட்டேன். "என்ன மதினி, காய வாய்க்குள்ள அடக்கி வச்சிருக்கியா?" என்று அவள் கேட்டால் கடையே சிரிக்கும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அக்கம்பக்கம் என்றால் கிட்டத்தில் இருக்கிற வீடுகள் என்று வாத்தியார் சொன்னதோடு சரி. மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன வேலை என்று தெரிந்தது. ஜாதகம் பார்ப்பார்கள், சொந்தத்தில் கேட்பார்கள், கடைசியில் "அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்பார்கள். விசாரிப்பது ஒட்டுச்சுவர் வீட்டில். என் மகளின் வாழ்க்கை மதினியின் வாயில் இருந்தது. பெரியவர்கள் ரகசியம் பேசும்போது "அக்கம்பக்கம் பார்த்துப் பேசு" என்பதும் சும்மா இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது இடமும் அதேபோல் அவள் வாசலில் நின்றுவிட்டுப் போனது, திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவள் எது செய்தாலும் எனக்குச் சந்தேகம். கோலம் போட ஏன் இவ்வளவு நேரம்? அவள் கொடுத்தனுப்பிய முருங்கைக்காயைச் சமைக்க மனம் வராமல் மாட்டுக்குப் போட்டேன். கடையில் இடம் மாறி உட்கார்ந்தேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. கேட்காததே சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஆண்டிபட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார். மதினியின் கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் என் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ள எப்படிங்க?"

"தங்கம். காலேஜுக்குப் போகும், வரும். ஒரு சொல்லு கிடையாது."

"அம்மா எப்படி?"

செம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மதினி சொன்னாள்: "அவளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

கல்யாண விஷயத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. ஒட்டுச்சுவரில் இருப்பவள் தெரியாது என்றால், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது என்றுதான் கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

"இருபது வருசமாப் பக்கத்துல இருந்துட்டு ஒண்ணும் தெரியாதா? ஏன் என் வயித்துல அடிக்கிற?"

அவள் திடுக்கிடவே இல்லை. "ஏ மதினி, உனக்கு இம்புட்டுச் சத்தம் வருமா! என் மகளக் கேட்டு வந்தாகளே, அன்னைக்கு இந்தச் சத்தம் எங்கன போச்சு? நீ சொன்னதத்தான் நானும் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் இரண்டு ஆண்கள் வந்து அவள் மகளைப் பற்றிக் கேட்டார்கள். முன்பின் தெரியாத ஆண்கள். வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவர்கள் போனால் போதும் என்று, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கதவைச் சாத்தினேன். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. "அவகளுக்குக் கொடுத்து வைக்கல" என்று நானேதான் போய் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

ஆண்டிபட்டி அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "இவ மக மாதிரி ஒரு பிள்ள இந்தத் தெருவுல கிடையாது. அன்னைக்குக் கேட்டவகளுக்கு அதச் சொல்லாம விட்டது நான்தான். கூச்சம். வேற ஒண்ணுமில்ல."

"நான் அவளக் கேட்டா வந்தேன்?" என்றார் அந்த அம்மா, ஒன்றும் புரியாமல்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவ இம்புட்டுப் பேசி இன்னைக்குத்தான் பாக்குறேன். பொய் சொல்லத் தெரியாதவ. நம்பிக் கட்டுங்க."

மகள் இப்போது ஆண்டிபட்டியில் நன்றாக இருக்கிறாள். மதினியின் மகளை இரண்டு வருஷம் கழித்து மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பொங்கலுக்கு வந்தால் "அத்தை" என்று என்னைத் தேடி வருவாள். அன்று நான் கதவைச் சாத்தியது அவளுக்குத் தெரியுமா, அம்மா சொல்லியிருப்பாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மதினியும் நானும் இன்றும் அதே ஒட்டுச்சுவரில்தான் இருக்கிறோம். முதலில் வந்த அந்த இரண்டு இடத்துக்காரர்களிடம் என்ன சொன்னாள் என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவாள்.