சுரண்டைக் கடையில் பிடிபட்ட இரட்டை மீன் தகடு

மியூசியத்தில் உலோகப் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். தென்காசியில் வீடு. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த ஒரு காலையில் இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"மேடம், ஒரு பித்தளைத் தகடு. பாளையக்காரர் காலத்துச் சாமானான்னு பாத்துச் சொல்லணும். சாயங்காலம் ஒரு ஆள ரிமாண்ட் பண்ணப் போறோம்."

அந்த ஆள் செல்லையா அண்ணாச்சி. சுரண்டையில் பழைய பாத்திரக் கடை வைத்திருப்பவர். புகார் கொடுத்தவர் அச்சன்புதூர் பக்கத்து ஜமீன் வாரிசு. அவர் வீட்டுப் பல்லக்குத் தண்டில் இருந்த முத்திரைத் தகட்டைக் காணவில்லை. அதே இரட்டை மீன், நடுவில் செங்கோல் போட்ட தகடு அண்ணாச்சி கடையில் தொங்கியிருக்கிறது.

ஸ்டேஷனில் வாரிசு, "எங்க வீட்டு முத்திரை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

"ஒரு பழைய பொட்டிய வெலைக்கு வாங்குனேம்மா, தகடு அதுலதான் இருந்துச்சு. சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டுக்காவ," என்றார் அண்ணாச்சி.

தகட்டை வாங்கிப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. விற்பனைக்கு அழகாக இருக்கட்டும் என்று அண்ணாச்சி புளி போட்டுத் தேய்த்திருந்தார். வயதைச் சொல்லும் களிம்பெல்லாம் போயே போச்சு. நல்லவேளை, நம் ஊரில் யாரும் பின்பக்கத்தைத் தேய்ப்பதில்லை. திருப்பினேன். களிம்பு அப்படியே இருந்தது. திருகாணி கிடையாது, மரத்தில் இறக்குவதற்கு வார்ப்போடு சேர்ந்து வந்த நான்கு கால்கள், அவற்றில் கையால் அரம் போட்ட தடம்.

"பழசுதான். ஆனா பல்லக்குல இருந்தது இல்ல. தண்டு உருண்டை, அதுல பதிஞ்ச தகடு வளைஞ்சிருக்கும். இது சப்பட்டை. அரண்மனையில கதவு, பெட்டி, சேணம் எல்லாத்துக்கும் ஒரே முத்திரைதான் போட்டாங்க," என்றேன். பிறகு அண்ணாச்சியிடம் பெட்டி எங்கே என்று கேட்டேன்.

"பலகையக் கழத்திக் கடையில பெஞ்சு போட்டுருக்கேன்."

எல்லோரும் சுரண்டைக்குப் போனோம். பெஞ்சுப் பலகையில் நான்கு துளைகள். தகட்டை வைத்தேன், கால்கள் நான்கும் இறங்கின. ரிமாண்ட் இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முத்திரை உடைமைக்காரரைச் சொல்லும். எந்தச் சாமானில் இருந்தது என்பதைப் பின்பக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

வாரிசு குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நல்ல வெல தாரேன். தகட்டக் குடுத்துருங்க."

"சும்மாவே கொண்டு போங்க. இந்த வாசல்ல நின்னுதான என்னையக் கள்ளன்னு சொன்னிய? அங்கன நின்னு, கள்ளன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் கொண்டு போங்க."

வாரிசு வாசல் வரை போனார். கடைத்தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. தகட்டை வாங்காமலே காரில் ஏறிப் போய்விட்டார்.